கண்வலிக் கிழங்கு: ஆலைக்குப் போனால் மருந்து, அடுப்படிக்கு வந்தால் நஞ்சு

மூலனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அவர் குடும்பம் ஒரு ஏக்கரில் பந்தல் போட்டுக் கண்வலிக் கிழங்கு சாகுபடி செய்கிறது. மாமனாருக்கு வயது 68. முழங்காலிலும் கால் பெருவிரலிலும் அடிக்கடி வலியும் வீக்கமும் வருகிறது. இந்த விதையிலிருந்துதான் மூட்டுவலி மாத்திரை தயாராகிறது என்று விதை வாங்க வந்த வியாபாரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து, நம் காட்டில் விளைவதை நாமே கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன என்று பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அப்படிக் குடிக்கலாமா என்பது முதல் கேள்வி.

அடுத்த நடவுக்கான விதைக்கிழங்கை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் மணல் பரப்பி வைப்பது அவர்கள் வழக்கம். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். அப்படி வைப்பது சரியா என்பது இரண்டாவது கேள்வி. காய் பறித்து முடிந்ததும் காய்ந்த கொடியில் வெள்ளாடுகளை மேய விடலாமா என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் ஒரே பதில்தான்: கூடாது. ஏன் கூடாது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் தெரியாமல் 'கூடாது' என்று மட்டும் சொன்னால், வலி தாங்க முடியாத ஒரு ராத்திரியில் அந்தப் பேச்சு நிற்காது.

வியாபாரி சொன்னது பொய்யா?

பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

கண்வலிக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, செங்காந்தள் எல்லாம் ஒரே கொடிதான். கார்த்திகை மாதத்தில் விளக்குச் சுடர் போலப் பூப்பதால் ஒரு பெயர். கிழங்கு கலப்பை போல வளைந்து இரண்டு கிளையாக இருப்பதால் இன்னொரு பெயர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் என்று பல பகுதிகளில் இது பணப்பயிர். விலை ஏறி இறங்கினாலும், நல்ல ஆண்டில் ஒரு கிலோ விதை ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும்.

அந்த விலை, விதைக்குள் இருக்கும் கோல்ச்சிசின் என்ற பொருளுக்குத்தான். கொடியின் எல்லாப் பாகத்திலும் இது உண்டு. கிழங்கில் அதிகம், விதையில் பொதுவாக அதைவிடவும் அதிகம். ஐரோப்பாவில் வளரும் வேறொரு செடியிலிருந்து 1820-இல் இது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. கவுட் என்று சொல்கிற, யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் நோய்க்கு இது மருந்து. இதய நோயாளிகளில் சிலருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் குறைக்க மிகக் குறைந்த அளவில் கொடுப்பதற்கு 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. இதே விதையிலிருந்து வரும் மூலப்பொருளை மாற்றித்தான் தசைப்பிடிப்புக்கான தயோகோல்ச்சிகோசைடு மாத்திரையும் தயாராகிறது.

ஆக, விதை மருந்துக்குப் போவது உண்மை. ஆனால் விதையும் மருந்தும் ஒன்றல்ல. ஆலையில் விதையை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, கோல்ச்சிசினை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து, கருவியில் அளந்து மாத்திரையில் சேர்க்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஒரு மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம். ஒரு கிராமை இரண்டாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

இப்போது விதையைப் பார்க்கலாம். காய்ந்த விதை ஒரு கிராமில் கோல்ச்சிசின் 5 மில்லிகிராமும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். அதாவது ஒரு சிட்டிகை விதைக்குள் பத்து மாத்திரைக்கு மேல் அடங்கியிருக்கலாம். அதுவும் காட்டுக்குக் காடு, கொடிக்குக் கொடி, முதிர்ச்சிக்கு முதிர்ச்சி மாறும். கஷாயம் வைக்கிறவர் கையில் அளவு இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லவும் வழி இல்லை. நோயைக் குணமாக்கும் அளவுக்கும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறுகலான மருந்துகளில் இது ஒன்று. டாக்டரே இரண்டு மாத்திரைக்கு மேல் யோசித்து எழுதுகிற பொருள் இது.

கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்ற எண்ணமும் தவறு. கொதிக்கிற தண்ணீரின் சூட்டில் கோல்ச்சிசின் அழியாது. கஷாயம் வைத்தால் அது தண்ணீரில் இறங்கும், அவ்வளவுதான்.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

விதையில்லாத் தர்ப்பூசணி தெரியும் அல்லவா? அந்த ரகத்தை உருவாக்கும் வேலையில் முதல் படி, தர்ப்பூசணி நாற்றின் குருத்தில் கோல்ச்சிசின் கரைசல் வைப்பது. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் கோல்ச்சிசின் போய் அதைத் தடுத்துவிடும். உள்ளே குரோமோசோம் இரட்டித்திருக்கும். செல் மட்டும் பிரிந்திருக்காது. 1937-இல் இந்தக் குணம் வெளியான பிறகு பயிர்ப் பெருக்க ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

செடியில் செய்கிற அதே வேலையைத்தான் மனித உடம்பிலும் செய்கிறது. நம் உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் மூன்று இடங்களில் அதிகம்: குடலின் உள்தோல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். கோல்ச்சிசின் அளவு மீறினால் இந்த மூன்றையும் தாக்கும். குடல் முதலில் காட்டிக்கொடுக்கும். ரத்தம் இரண்டு மூன்று நாள் கழித்துக் காட்டும். முடி இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொட்டும். 1966-இல் இலங்கையிலிருந்து மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு ஒன்று உண்டு. இந்தக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த இளம்பெண் ஒருவருக்குத் தலைமுடி மட்டுமல்ல, உடம்பு முழுவதுமே முடி உதிர்ந்துவிட்டது.

பெரியவரின் வலிக்கு என்ன செய்வது?

கால் பெருவிரலில் திடீரென்று வலி, சிவப்பு, வீக்கம் என்றால் அது கவுட்டாக இருக்கலாம். முழங்கால் வலி தேய்மானமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. தேய்மானத்துக்குக் கோல்ச்சிசின் மருந்தே அல்ல. ஆகவே முதல் வேலை, டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தின் நிலையும் பார்ப்பது. அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

சிறுநீரகம் ஏன் முக்கியம் என்றால், கோல்ச்சிசினை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் பங்கு உண்டு. வயதானவருக்கு இவை மந்தமாக இருந்தால், வாலிபனுக்குத் தாங்கும் அளவுகூட அவருக்குத் தாங்காது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு சேர்ந்தாலும் ரத்தத்தில் கோல்ச்சிசின் அளவு ஏறிவிடும். டாக்டர் கோல்ச்சிசின் எழுதிக்கொடுத்தால், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அவரிடம் காட்ட வேண்டும். மாத்திரை சாப்பிட்டு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் அடுத்த வேளையைப் போடாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். வலி குறையவில்லை என்று நாமாகக் கூட்டிக்கொள்ளவே கூடாது.

கிழங்கை அரைத்து மூட்டில் பற்றுப் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பச்சைக் கிழங்கின் சாறு தோலில் எரிச்சல் உண்டாக்கும். கீறலோ புண்ணோ இருந்தால் அதன் வழியே நஞ்சு உள்ளே போகலாம். பற்றுப் போட்ட கையோடு சோறு பிசைந்தால் வாய்க்கே போய்விடும். அதுவும் வேண்டாம்.

சித்த வைத்தியத்தில் பயன்படுகிறதே?

பயன்படுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சித்த மருத்துவர்கள் கிழங்கைப் பிடுங்கியபடியே பயன்படுத்துவதில்லை. உப்பிட்ட மோரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, திரும்பத் திரும்பச் செய்யும் சுத்தி முறை இருக்கிறது. ஆயுர்வேதத்தில் பசுவின் கோமியத்தில் ஊறவைக்கும் முறை உண்டு. நம் முன்னோர் இதை நஞ்சு என்று தெரிந்தே கையாண்டார்கள் என்பதற்கு இந்தச் சுத்தி முறையே சாட்சி.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் இ(1) அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களின் பட்டியல் அது. லாங்கலி என்ற பெயரில் இந்தக் கிழங்கு அதில் உள்ளது. இப்படிப்பட்ட பொருள் சேர்ந்த உள்மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்துக் கொடுக்கும் தயாரித்த மருந்து வேறு. மோரில் ஊறப்போட்டு வீட்டில் சுத்தி செய்தேன் என்பது வேறு. ஊறிய பிறகு எவ்வளவு நஞ்சு மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் அளக்க முடியாது.

கட்டிலுக்கு அடியில் விதைக்கிழங்கு

இந்த வழக்கத்தை இன்றே மாற்ற வேண்டும். இந்தக் கொடியால் வரும் விபத்துகளில் முக்கியமானது, வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றுவிடுவது. இலங்கையிலும் இங்கும் இப்படி நடந்திருக்கிறது. முழுக் கிழங்கு கலப்பை போலக் கவையாக இருந்தால் தெரிந்துவிடும். கவை உடைந்து ஒரு கிளை மட்டும் கிடந்தால், பழுப்புத் தோலோடு விரல் பருமனில், சாதாரணக் கிழங்கு போலத்தான் இருக்கும். உள்ளேயும் வெள்ளையாக மாவு போல இருக்கும். விருந்தாளியாக வந்த பாட்டிக்கோ பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கோ வித்தியாசம் தெரியாது. நடவுக்கு முன் பூஞ்சாணக் கொல்லியில் நனைத்த கிழங்கு என்றால் ஆபத்து இரட்டிப்பு.

கிழங்கைவிட விதை குழந்தைகளை அதிகம் இழுக்கும். காய் வெடித்தால் உள்ளே சிவப்பும் ஆரஞ்சுமாக, மாதுளை முத்து போல வரிசையாக இருக்கும். எந்தக் குழந்தையும் வாயில் போடும்.

வைக்கும் முறை இப்படி இருக்கட்டும்:

• விதையும் விதைக்கிழங்கும் மனிதர் படுக்கும் அறையிலோ அடுப்படியிலோ வைக்கக் கூடாது. தனி அறை அல்லது கொட்டகை, காற்றோட்டம், நிழல், பூட்டு. சாவி பெரியவர் ஒருவரிடம்.

• மணல் பரப்பிய பெட்டியிலோ தொட்டியிலோ கிழங்கை வைத்து, வலை அடித்து மூட வேண்டும். எலியும் நாயும் கிளறி வெளியே இழுத்துப் போடாமல் இருக்கும்.

• விதை வைக்கும் சாக்கு, டப்பா எதுவும் மளிகைக்குப் பயன்பட்டதாக இருக்கக் கூடாது. பிறகு மளிகைக்குத் திரும்பவும் கூடாது. மேலே சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதி ஒட்டவும்.

• அரிசி, பருப்பு எடை போடும் தராசிலும் முறத்திலும் இந்த விதையைக் கொட்டக் கூடாது. இதற்கென்று தனி முறம், தனி சல்லடை.

• வீட்டுக்கு அருகே பந்தல் இருந்தால், அதே பாத்தியில் சர்க்கரைவள்ளியோ வேறு கிழங்கோ போட வேண்டாம்.

பூட்டு என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குடும்பத்தில் சண்டை, கடன், பரீட்சைத் தோல்வி என்று யாராவது மனம் உடைந்திருக்கும் நேரத்தில் நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. பூச்சிமருந்து டப்பாவுக்குச் சொல்லும் அதே பேச்சுதான். அந்த ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் பலர் மனம் மாறிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பூட்டு வாங்கிக் கொடுக்கும். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் 104 அல்லது 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

காட்டில் வேலை செய்பவர்களுக்கு

இந்தப் பூவில் சூல்முடி பக்கவாட்டில் மடங்கி விலகி நிற்பதால் தானாக மகரந்தம் சேர்வது குறைவு. அதனால் காலை வேளையில் பெண்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் வைக்கிறார்கள். பறித்த காயை நிழலில் உலர்த்தி, உரித்து, விதையைப் பிரிப்பதும் அவர்களே. நாள் முழுதும் கை இந்தக் கொடியில்தான் இருக்கும்.

தொட்ட மாத்திரத்தில் யாரும் சாக மாட்டார்கள், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது தொட்ட கை வாய்க்கும் கண்ணுக்கும் போவதைத்தான். வேலை முடிந்ததும், டிபன் தூக்கைத் திறப்பதற்கு முன்பும், வெற்றிலை மடிப்பதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் வைப்பது காட்டுக்காரர் பொறுப்பு. கிழங்கு பிடுங்கும்போதும் நறுக்கும்போதும் ரப்பர் கையுறை போட வேண்டும். காய் உரிக்கும்போதும் விதை புடைக்கும்போதும் தூசு பறக்கும். அப்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் கட்டாயம். காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து புடைக்கக் கூடாது. வீட்டுத் திண்ணையிலும் புடைக்கக் கூடாது. வேலைக்கு வரும்போது கைக்குழந்தையைப் பந்தலுக்கு அடியில் படுக்கவைக்க வேண்டாம்.

கர்ப்பிணிகளை இந்த வேலைக்கு அழைக்கவே கூடாது. செல் பிரிவதைத் தடுக்கும் பொருள், வயிற்றில் வளரும் கருவுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை, தயோகோல்ச்சிகோசைடு மாத்திரையைக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சாப்பிடக் கூடாது, மற்றவர்களும் ஏழு நாளுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று கட்டுப்பாடு விதிக்கச் சொன்னது. ஆலையில் அளந்து செய்த மாத்திரைக்கே அந்தக் கட்டுப்பாடு. கருவைக் கலைக்க இந்தக் கிழங்கைப் பயன்படுத்தும் கெட்ட பழக்கம் சில இடங்களில் முன்பு இருந்தது. அதில் தாயின் உயிரும் போகும்.

வெள்ளாடும் மாடும்

மனிதருக்கு நஞ்சு என்றால் ஆட்டுக்கும் நஞ்சுதான். தண்டு, இலை, காய்த்தோல், விதை எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் உண்டு, காய்ந்தாலும் போய்விடாது. வெள்ளாடு எதையும் கடித்துப் பார்க்கும். காட்டில் வேறு பசுமை இல்லாத மாசி, பங்குனியில்தான் இந்தக் கொடி காய்ந்து கிடக்கிறது என்பதால் ஆபத்து அதிகம். தின்ற ஆட்டுக்கு எச்சில் ஒழுகும், வயிறு வலித்துத் துவளும், ரத்தம் கலந்த கழிச்சல் வரும்.

கொடியை அறுத்து, ஒரு மூலையில் குவித்து, வேலி அடைத்து மக்கவிடலாம். உரித்த காய்த்தோலுக்கும் சில வியாபாரிகள் விலை கொடுக்கிறார்கள். விற்காவிட்டால் தொழுவுரக் குழியில் கொட்ட வேண்டாம்; ஆடு, கோழி போகாத தனிக் குழியில் புதைக்கவும். பந்தலைச் சுற்றி வேலி முழுமையாக இருக்க வேண்டும். நிலத்தில் உடைந்து தங்கிய கிழங்குத் துண்டுகள் மழைக்குத் துளிர்க்கும். அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் தீவனச்சோளம் போட்டால், அறுக்கும்போது கொடி கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலையின் நுனி நூல் போல நீண்டு சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும். அதுதான் அடையாளம்.

ஆடு மாடு தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம். பால் மாடாக இருந்தால் அந்தப் பாலைக் கன்றுக்கும் கொடுக்காமல், வீட்டுக்கும் எடுக்காமல் கொட்டிவிட வேண்டும். நஞ்சு பாலில் இறங்கும். செத்துப்போன ஆட்டின் கறியைச் சமைக்கக் கூடாது.

தின்றுவிட்டால்?

இந்தப் பகுதியை வெட்டிக் கொட்டகைக் கதவில் ஒட்டிவைக்கலாம்.

இந்த நஞ்சு இரண்டு முறை ஏமாற்றும். முதல் ஏமாற்று: தின்றவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்தும் ஆரம்பிக்கலாம், அரை நாள் கழித்தும் ஆரம்பிக்கலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால், வயிறு கழுவவும் நஞ்சை உறிஞ்சும் கரித்தூள் கொடுக்கவும் உள்ள நேரம் வீணாகும். பிறகு தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுவலி, தண்ணீர் போலப் பேதி வரும். காலராவோ கெட்டுப்போன சாப்பாடோ என்று நினைக்கத் தோன்றும்.

இரண்டாவது ஏமாற்றுதான் உயிரைக் குடிப்பது. ஒரு நாளில் வாந்தி பேதி குறைந்து, ஆள் தெளிந்தது போலத் தெரியலாம். வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். ஆனால் அடுத்த சில நாளில்தான் ரத்த அணுக்கள் குறைவது, சிறுநீரகம் கெடுவது, மூச்சும் இதயமும் தளர்வது எல்லாம் வரும். தெளிந்துவிட்டார் என்று டாக்டர் பேச்சை மீறி அழைத்து வரவே கூடாது. தினமும் ரத்தம் பார்த்து, டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

• சின்னத் துண்டு, நாலு விதை என்றாலும், அறிகுறி இல்லாவிட்டாலும், உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவும் டயாலிசிஸ் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனை நல்லது.

• வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பச் சொல்லி, வாயையும் கையையும் கழுவ வேண்டும்.

• தின்ற கிழங்கில் அல்லது விதையில் மிச்சத்தைப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். கண்வலிக் கிழங்கு, கோல்ச்சிசின் என்ற இரண்டு பெயரையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கக் கூடாது.

• உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மோர், பால், எலுமிச்சை எதுவும் இதை முறிக்காது. மருத்துவமனைகளில் கூட இதற்கென்று நேரான முறிவு மருந்து வழக்கத்தில் இல்லை. உடம்பைத் தாங்கிப் பிடித்து, நஞ்சு வெளியேறும்வரை உறுப்புகளைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. சீக்கிரம் போனால் காப்பாற்ற முடிகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிழைத்தவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

மற்ற வாசகர்கள் கேட்டவை

*கண்வலிப் பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்குமா?*

பார்ப்பதால் வலிக்காது. அப்படி வலித்தால் மகரந்தம் வைக்கும் பெண்கள் எல்லாருக்கும் கண் போயிருக்கும். சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். உடனே சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, எரிச்சல் போகாவிட்டால் டாக்டரைப் பார்க்கவும்.

*பாம்பு கடித்தால் இந்தக் கிழங்கை அரைத்துக் கொடுக்கலாமா?*

கூடாது. பாம்பு நஞ்சை இது முறிக்காது. ஒரு நஞ்சோடு இன்னொரு நஞ்சு சேரும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த இடத்தைக் கீறாமல், கட்டிப்போடாமல், பாம்புக்கடி ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

*பேனுக்கு இலைச்சாறு தலையில் தேய்க்கலாமா?*

பழைய பழக்கம்தான். ஆனால் சொறிந்து புண்ணான குழந்தையின் தலையில் அந்தச் சாற்றைத் தேய்ப்பது ஆபத்து. பேன் சீப்பும், கடையில் கிடைக்கும் பேன் மருந்தும் போதும்.

*வீட்டு வாசலில் அழகுக்கு ஒரு கொடி வைக்கலாமா?*

சிறு குழந்தையோ வளர்ப்பு நாயோ உள்ள வீட்டில் வேண்டாம். மற்றவர்கள் வைத்தால், காய் முற்றும் முன் பறித்துப் புதைத்துவிட வேண்டும்.

*காட்டில் தானாக முளைத்த கிழங்கைப் பிடுங்கி விதைக்கிழங்காக நடலாமா?*

காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பிடுங்குவது குற்றம். அதோடு, இயற்கையில் குறைந்துவரும் கொடி இது. நோயில்லாத வயலிலிருந்து, கவை உடையாத, இரண்டு நுனியிலும் முளைக்கண் உள்ள கிழங்காகப் பார்த்து வாங்குங்கள்.

மூலனூர் வாசகி வீட்டுப் பெரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். அவர் காட்டு விதை மருந்தாகித் திரும்பி வருகிறது என்பது பெருமையான விஷயம்தான். அது மாத்திரையாக, டாக்டர் கையெழுத்தோடு வரட்டும். கஷாயமாக வேண்டாம். இந்த வாரமே யூரிக் அமிலம் பார்க்கட்டும். அவர் திரும்பி வருவதற்குள் கட்டிலுக்கு அடியில் இருக்கும் கிழங்கு கொட்டகைக்குப் போய், கதவில் பூட்டு விழுந்திருக்கட்டும்.